கப்பல் போன தடத்தில் விமானம்: திருச்சி விமான நிலையம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

திருச்சி விமான நிலையத்தின் பயணிகள் கணக்கைப் புரட்டுபவருக்கு முதலில் தென்படுவது ஒரு தலைகீழ்ச் செய்தி. இந்திய விமான நிலையங்களில் பெரும்பாலானவற்றில் உள்நாட்டுப் பயணிகளே மிகுதி. வெளிநாட்டுப் பயணம் அதன்மேல் வந்து சேர்ந்த கூடுதல் வரவு. திருச்சியிலோ வெளிநாட்டுப் பயணிகளே பெரும்பான்மையினர். கொரோனாவுக்கு முந்தைய 2019–20ஆம் நிதியாண்டில் இங்கு வந்துபோன பயணிகள் ஏறக்குறைய 16 லட்சம் பேர். அவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து போனவர்கள் அல்லது கடல் கடந்து வந்தவர்கள். சென்னை, பெங்களூரு முதலிய சில ஊர்களுக்கு மட்டும் உள்நாட்டு விமானங்கள் போய்வரும் ஓர் ஊரிலிருந்து, கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் கொழும்புக்கும் துபாய்க்கும் விமானங்கள் நாள்தோறும் நிரம்பிப் புறப்படுவது எப்படி நேர்ந்தது, அந்தப் பயணிகள் விமான நிலையத்தின் வாசலுக்கு எவ்வழியாக வந்து சேர்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துப் பார்ப்பதே இந்த ஆய்வின் நோக்கம். இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் விடை பாதிதான் கிடைக்கும்.

விமானத்துக்கு முன்பே இருந்த வழி

திருச்சிக்கு வெளிநாட்டுப் போக்குவரத்தைக் கொண்டுவந்தது விமானம் அல்ல. தென்னிந்திய ரயில்வேயின் தலைமையிடமாக இருந்த இந்நகரின் வழியாகத்தான் சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்குப் போகும் 'போட் மெயில்' ஓடியது. 1914ஆம் ஆண்டு பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் சேவையும் தொடங்கிய பின், சென்னையில் வாங்கிய ஒரே பயணச்சீட்டில் ரயிலும் கப்பலும் மீண்டும் ரயிலுமாக மாறிக் கொழும்பு போய்ச் சேர முடிந்தது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது அந்தத் தடம் அறுந்தது; பின்னர் ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு இயங்கிய கப்பலும் 1980களில், இலங்கையின் உள்நாட்டுப் போர் மூண்ட காலத்தில் நின்றுபோனது.

கிழக்கு நோக்கிய வழி நாகப்பட்டினத்தில் தொடங்கியது. தஞ்சை, திருவாரூர், புதுக்கோட்டை, ராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளிலிருந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் நாகையில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள். கூலி வேலைக்குப் போனவர், கடை வைக்கப் போனவர், வட்டிக்கடைப் பெட்டகத்துக்குக் கணக்கெழுதப் போனவர் என எல்லோருக்கும் அதுவே வாசல். 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' என்னும் கப்பல் 1970களின் தொடக்கம் வரை இந்தத் தடத்தில் ஓடியது. அதன்பின் அந்தப் பணியை ஏற்றது 'எம்.வி. சிதம்பரம்'. 1985 பிப்ரவரி 12ஆம் தேதி சிதம்பரம் கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்தது. உயிரிழப்பு நேர்ந்த அந்த விபத்துடன், தமிழகத்துக்கும் மலேசிய–சிங்கப்பூர் கரைகளுக்கும் இடையிலான பயணிகள் கப்பல் போக்குவரத்து முடிவுக்கு வந்தது.

இந்தத் தேதியை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கப்பல் நின்றதே தவிர, கப்பலில் போன குடும்பங்களின் உறவு நிற்கவில்லை. மலேசியாவின் ஈப்போவில் அண்ணன், முத்துப்பேட்டையில் தம்பி என்று வாழ்ந்தவர்கள் திருமணத்துக்கும் இழவுக்கும் வந்துபோக வேண்டியிருந்தது. அவர்களுக்குச் சென்னை மீனம்பாக்கம் 300 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. காவிரி டெல்டாவுக்கும் தெற்கே இருந்த புதுக்கோட்டை, சிவகங்கைச் சீமைகளுக்கும் நடுவே, இரண்டுக்கும் எட்டும் தூரத்தில் இருந்த ஓடுபாதை திருச்சியுடையது ஒன்றுதான்.

ஓடுபாதையின் தொடக்கம்

அந்த ஓடுபாதையும் அஞ்சல் மூலமாகவே முதலில் வெளியுலகத்தோடு இணைந்தது. 1932 அக்டோபர் 15ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டிவந்த சிறு விமானம், இந்தியாவின் முறையான வான் அஞ்சல் போக்குவரத்தைத் தொடங்கிவைத்தது. அத்தடம் பெல்லாரி வழியாகச் சென்னை வரை நீண்டது. 1938இல் பிரிட்டிஷ் பேரரசு வான் அஞ்சல் திட்டத்தின் கீழ் அதே தடம் திருச்சி வழியாகக் கொழும்புக்கு நீட்டிக்கப்பட்டது. திருச்சியின் முதல் வான்வழித் தொடர்புகளில் ஒன்று வெளிநாட்டுக்கானது என்பதை இன்றைய கணக்கோடு சேர்த்துப் பார்க்கையில், பின்னால் நடந்தவை அவ்வளவு வியப்பளிப்பதில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷ் வான்படை இத்தளத்தைப் பயன்படுத்தியது. விடுதலைக்குப் பின் குடிமை விமானப் போக்குவரத்து மீண்டும் தொடங்கியது. கொழும்புத் தொடர்பு, இடையிடையே விட்டாலும், தொடர்ந்தது. வளைகுடா நாடுகளுக்கு வேலை தேடிப் போவோரின் எண்ணிக்கை பெருகப் பெருக, மேற்கு நோக்கிய தடங்களும் இதனுடன் சேர்ந்தன.

ஒரு பட்டியலில் இடம்பெற்ற பெயர்

உறவும் தேவையும் இருந்தால் மட்டும் ஒரு வெளிநாட்டு விமானம் இறங்கிவிடாது. எந்த நாட்டு நிறுவனம் எந்த ஊருக்கு, வாரத்துக்கு எத்தனை இருக்கைகளுடன் பறக்கலாம் என்பதை இரு அரசுகளுக்கிடையிலான வான் சேவை ஒப்பந்தங்கள் தீர்மானிக்கின்றன. ஒப்பந்தத்தில் பெயர் குறிக்கப்படாத ஊருக்கு, பயணிகள் வரிசையில் நின்றாலும், அயல்நாட்டு நிறுவனம் விமானம் விட முடியாது. விமான நிலையங்களைப் பற்றிய பொதுப் பேச்சில் இந்த நுணுக்கம் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது; ஓடுபாதையின் நீளத்தையும் கட்டடத்தின் அழகையும் பேசுகிற அளவுக்கு இதை யாரும் பேசுவதில்லை.

2003ஆம் ஆண்டு இந்தியா, ஆசியான் என்னும் தென்கிழக்காசியக் கூட்டமைப்பு நாடுகளின் விமான நிறுவனங்கள் இருக்கை வரம்பின்றிப் பறந்துகொள்ளலாம் என 18 சுற்றுலாத் தலங்களை அறிவித்தது. கயா, வாரணாசி, அமிர்தசரஸ், கொச்சி, திருவனந்தபுரம் ஆகியவற்றோடு அந்தப் பட்டியலில் திருச்சியும் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்ற ஊர் இது ஒன்றே. மதுரை அதில் இல்லை. மீனாட்சியம்மன் கோயிலுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் இது விந்தையான தேர்வுதான். ஆயினும் விளைவு தெளிவானது. மலேசியாவின் ஏர் ஏஷியா இந்தியாவுக்குள் தன் முதல் சேவையைத் தொடங்க 2008 டிசம்பரில் தேர்ந்தெடுத்த ஊர் டெல்லியோ மும்பையோ அன்று, திருச்சி. அதன்பின் சிங்கப்பூரின் மலிவுக் கட்டண நிறுவனமும், மலேசியாவின் இன்னொரு நிறுவனமும், 2023 நவம்பரில் வியட்நாமின் வியட்ஜெட்டும் வந்து சேர்ந்தன. நாகப்பட்டினம் கப்பலில் போனவர்களின் பேரப்பிள்ளைகள், பாட்டனார் ஒரு வாரம் கடலில் கழித்த தூரத்தை நான்கு மணி நேரத்துக்குள் கடக்கத் தொடங்கினார்கள்.

இதே அளவுகோலால்தான் வளைகுடாப் பக்கத்தின் நிலையையும் விளங்கிக்கொள்ள வேண்டும். ஆசியான் சலுகை வளைகுடா நாடுகளுக்குக் கிடையாது. ஆகவே துபாய், சார்ஜா, தோஹா, மஸ்கட், குவைத் தடங்களில் திருச்சிக்குப் பெரும்பாலும் வருவது ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் முதலிய இந்திய நிறுவனங்களின் விமானங்களே. வளைகுடாவின் பெரிய நிறுவனங்களுக்குத் திருச்சியை அழைப்பிடமாக, அதாவது ஒப்பந்தப்படி அவர்கள் விமானம் இறங்கக்கூடிய ஊராகத் தர வேண்டும் என்ற கோரிக்கை இப்பகுதி வணிக அமைப்புகளால் பல ஆண்டுகளாக எழுப்பப்படுகிறது. இந்திய நிறுவனங்களின் நலனை முன்வைத்து அரசு புதிய அழைப்பிடங்களைத் தரத் தயங்குகிறது. இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு திசையில் கதவைத் திறந்துவைத்ததால் என்ன நடந்தது என்பதற்கான சான்று இதே விமான நிலையத்தில் கண்முன்னே இருக்கும்போது, மறுதிசையைப் பற்றிய தயக்கத்துக்கு இன்னும் விரிவான விளக்கம் தேவைப்படுகிறது என்றே தோன்றுகிறது.

உள்நாட்டுத் தடங்களைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. சென்னைக்குச் சுமார் 330 கிலோமீட்டர்; இரவில் மலைக்கோட்டை விரைவு ரயிலில் ஏறிப் படுத்தால் விடியலில் எழும்பூர். பகலில் பல்லவனும் வைகையும், 2023 செப்டம்பர் முதல் திருநெல்வேலி வந்தே பாரத்தும் இருக்கின்றன. இந்தத் தூரத்தில் விமானத்துக்கு ரயிலோடு போட்டியிடுவது கடினம்.

மூன்று கட்டடங்கள்

2009இல் ஒருங்கிணைந்த முனையம் ஒன்று திறக்கப்பட்டது. பழைய கட்டடம் பின்னர்ச் சரக்கு வளாகமாக மாறியது. 2012 அக்டோபர் 4ஆம் தேதி மத்திய அமைச்சரவை கோவை, மங்களூர், லக்னோ, வாரணாசி ஆகியவற்றுடன் திருச்சிக்கும் 'பன்னாட்டு விமான நிலையம்' என்ற தகுதியை வழங்கியது. பல ஆண்டுகளாகச் செய்துவந்த வேலைக்குப் பின்னால் வந்த பதவிப்பெயர் அது. நள்ளிரவை ஒட்டி இரண்டு, மூன்று வெளிநாட்டு விமானங்கள் அடுத்தடுத்து இறங்கிப் புறப்படும் வேளையில் 2009ஆம் ஆண்டு முனையம் திணறியதை அங்கே நின்றவர்கள் அறிவார்கள். குடியேற்றச் சோதனை வரிசையின் வால் எங்கே முடிகிறது என்று தேட வேண்டியிருக்கும்.

புதிய முனையத்துக்கு 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. இடையில் பெருந்தொற்று வந்தது. அக்காலத்தில் வெளிநாடுகளில் சிக்கியவர்களை அழைத்துவந்த 'வந்தே பாரத்' மீட்பு விமானங்கள் பல இங்கேதான் இறங்கின. 2024 ஜனவரி 2ஆம் தேதி பிரதமர் திறந்துவைத்த புதிய முனையம், அவ்வாண்டு ஜூன் 11ஆம் தேதி பயன்பாட்டுக்கு வந்தது. ரூ. 1,100 கோடிக்கும் மேற்பட்ட செலவு. சுமார் 75,000 சதுர மீட்டர் பரப்பு. ஆண்டுக்கு 44 லட்சம் பயணிகளையும் நெரிசல் மிகுந்த ஒரு மணி நேரத்தில் 3,500 பேரையும் கையாளும் திறன். முகப்பில் திருவரங்கத்துக் கோபுரத்தின் சாயலும், சுவர்களில் வண்ணச் சித்திரங்களும் உண்டு. அந்தச் சித்திரங்களின் முன் நின்று படமெடுத்துக்கொள்ளாமல் யாரும் விமானம் ஏறுவதில்லை போலிருக்கிறது.

ஓடுபாதை என்னும் மாறாத அளவு

கட்டடம் இரண்டு முறை மாறிய போதும், அண்மைக் காலத்தில் மாறாதது ஓடுபாதை. அதன் நீளம் 2,480 மீட்டர், அதாவது 8,136 அடி. ஏர்பஸ் 320, போயிங் 737 வகை விமானங்களுக்கு இது போதுமானது. நெடுந்தொலைவு செல்லும் பெரிய விமானங்கள் முழு எரிபொருளும் முழுச் சரக்கும் ஏற்றிக்கொண்டு கிளம்ப இது போதாது. 12,500 அடியாக நீட்டிக்கும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு, நில எடுப்பும் பாதுகாப்புத் துறை நிலத்தைப் பெறுவதும் ஒன்றன்பின் ஒன்றாக இழுத்தடித்துக்கொண்டே வந்திருக்கின்றன.

2018 அக்டோபர் 12ஆம் தேதி அதிகாலை ஏறக்குறைய 1.20 மணிக்கு, துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் ஐ.எக்ஸ். 611 விமானம், மேலெழும்போது ஓடுபாதை முனைக்கு அப்பால் இருந்த ஆன்டெனாவையும் சுற்றுச்சுவரையும் உரசிச் சென்றது. 130 பயணிகளும் 6 பணியாளர்களும் இருந்த அந்த போயிங் 737, மும்பைக்குத் திருப்பப்பட்டுப் பத்திரமாக இறங்கியது. சுவர் இடிந்த படங்களைப் பார்த்தவர்கள் உடனே ஓடுபாதையின் நீளத்தைக் குறை சொன்னார்கள். விசாரணையில் வெளிவந்ததோ வேறு: ஓடத் தொடங்கிய விமானத்தில் கேப்டனின் இருக்கைச் சாய்மானம் திடீரெனப் பின்னால் சாய்ந்திருக்கிறது, அந்தத் தடுமாற்றத்தில் எஞ்சினின் உந்துவிசை குறைந்ததை விமானிகள் இருவருமே கவனிக்கவில்லை. ஆக, நீளக் குறைவு இந்த நிகழ்வின் காரணம் ஆகாது. இருந்தாலும், தவறு நேர்ந்தபின் அதைத் திருத்திக்கொள்ளக் கிடைக்கும் சில வினாடிகள் ஓடுபாதை நீள நீளக் கூடுகின்றன என்பதும் உண்மையே. இதைப் பிரித்துப் பார்க்காமல் அந்த விபத்தை நீட்டிப்புக் கோரிக்கைக்கு நேரடிச் சான்றாகக் காட்டுவது வாதத்தைப் பலவீனப்படுத்தும்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 2024 அக்டோபர் 11ஆம் தேதி மாலை, சார்ஜாவுக்குக் கிளம்பிய இன்னொரு விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு ஏற்பட்டது. 141 பயணிகளுடன் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வானில் வட்டமடித்து எரிபொருளைக் குறைத்த பின், இரவு 8.15 மணியளவில் அது திருச்சியிலேயே பாதுகாப்பாக இறங்கியது. மாநிலம் முழுவதும் தொலைக்காட்சி முன் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்த மாலை அது.

வாசலுக்கு வரும் வழி

இனி தரைக்கு வருவோம். இந்த ஆய்வின் கனமான பகுதி இதுதான்.

நகரின் தென்புறத்தில், திருச்சி–புதுக்கோட்டை தேசிய நெடுஞ்சாலை 336இன் ஓரத்தில், செம்பட்டை ஒட்டி விமான நிலையம் இருக்கிறது. ஜங்ஷனும் மத்திய பேருந்து நிலையமும் ஐந்தாறு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். டி.வி.எஸ். டோல்கேட்டைத் தாண்டிச் சுப்பிரமணியபுரம் வழியாக வந்தால், நெரிசல் இல்லாத நேரத்தில் கால் மணி நேரப் பயணம். புதுக்கோட்டை, மாத்தூர் பக்கம் போகும் பேருந்துகள் எல்லாம் இந்த வாசலைக் கடந்தே போகின்றன. வரைபடத்தில் பார்த்தால், நகரோடு இவ்வளவு நெருங்கிய இணைப்புள்ள விமான நிலையம் தமிழ்நாட்டில் அரிது என்று சொல்லிவிடலாம்.

ஆனால் நகரோடு இணைப்பு என்பதே இங்கு தவறான அளவுகோல். இந்த விமான நிலையத்தின் பயணிகளில் திருச்சிக்காரர்கள் ஒரு பகுதியினர் மட்டுமே. மன்னார்குடி, பட்டுக்கோட்டை, அறந்தாங்கி, காரைக்குடி, தேவகோட்டை, பெரம்பலூர், அரியலூர், நாகூர் என்று பரந்த வட்டத்திலிருந்து வருகிறவர்களே மிகுதி. தஞ்சாவூர் சுமார் 55 கிலோமீட்டர், புதுக்கோட்டை சுமார் 50, காரைக்குடி 90ஐ ஒட்டி. கடற்கரை ஊர்கள் அதற்கும் அப்பால். அவர்கள் ஏறவேண்டிய விமானங்கள் கணிசமாக இரவிலும் அதிகாலையிலும் கிளம்புகின்றன. 2018இல் சுவரை உரசிய விமானமும் இரவு ஒன்றரை மணியை ஒட்டிப் புறப்பட்டதே. அந்நேரத்தில் நகரப் பேருந்தும் இல்லை, ஊருக்குத் திரும்பும் கடைசிப் பேருந்தும் போய்விட்டிருக்கும்.

ஆகவே இங்கு உண்மையில் இயங்கும் பொதுப் போக்குவரத்து, வாடகை வேன். ஒருவர் பயணம் போக, எட்டுப் பேர் வழியனுப்ப வருவார்கள். திரும்பி வருகிறவரை அழைக்க அதைவிடக் கூடுதலாகவே வருவார்கள். மாலையில் ஊரிலிருந்து கிளம்பி, வழியில் ஒரு கோயிலிலோ தர்காவிலோ நின்று, கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, பத்து மணிக்கு முனையத்தின் முன் வந்து இறங்கும் குடும்பங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாத எந்தப் போக்குவரத்துத் திட்டமும் இந்த இடத்துக்குப் பொருந்தாது. நாகைத் துறைமுகத்திலும் இப்படித்தான் கூட்டம் நின்றிருக்கும் என்று எண்ணத் தோன்றும். நிறுத்துமிடமும், வழியனுப்புவோர் காத்திருக்கும் இடமும், இரவில் தேநீரும் கழிப்பறையும் இவர்களுக்குக் கட்டடத்தின் முகப்பைவிட முக்கியமானவை. முதன்மைச் சாலையில் இறங்கிய பயணி 30 கிலோ பெட்டியுடன் முனையம் வரை போவது எப்படி என்பது, கட்டடம் பெரிதாகிச் சாலையிலிருந்து உள்ளே தள்ளிப்போனபோது இன்னும் கூர்மையான கேள்வியாகியது.

கிழக்கிலிருந்து வரும் வேன்களுக்கு நேர்வழி, தஞ்சைச் சாலையில் துவாக்குடி, திருவெறும்பூர் கடந்து, பால்பண்ணை வழியாக நகருக்குள் புகுந்து, டி.வி.எஸ். டோல்கேட்டில் திரும்புவது. பால்பண்ணைக்கும் துவாக்குடிக்கும் இடையே அணுகுசாலை வேண்டும் என்று குடியிருப்போர் நெடுங்காலமாகப் போராடிவரும் நெரிசல் மிக்க பகுதி அது. துவாக்குடியிலிருந்து மாத்தூர் வழியாகப் பஞ்சப்பூர் வரை அமைக்கப்பட்ட அரைவட்டச் சாலை இதற்கு மாற்று: தஞ்சையிலிருந்து வருபவர் நகருக்குள் நுழையாமலே மாத்தூரில் புதுக்கோட்டைச் சாலையைப் பிடித்து வடக்கே திரும்பினால் விமான நிலையம். விமான நிலையத்துக்காக என்று யாரும் அறிவிக்காத இந்தச் சாலை, டெல்டாப் பயணிகளுக்குப் புதிய முனையத்துக்கு நிகரான வசதி என்பது என் கணிப்பு.

ரயில் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை. தஞ்சாவூர், புதுக்கோட்டை–காரைக்குடி, கரூர், திண்டுக்கல், விழுப்புரம் என ஐந்து திசைகளின் பாதைகள் கூடும் சந்திப்பு, விமான நிலையத்திலிருந்து ஐந்தாறு கிலோமீட்டரில் இருக்கிறது. ஆனால் விமான நேரத்தை மனத்தில் வைத்து ஓடும் ரயிலும் இல்லை, இறங்கியவரை இரவில் முனையத்துக்குக் கொண்டுசேர்க்கும் ஒழுங்கான இணைப்பும் இல்லை. 'போட் மெயில்' காலத்தில் ரயில் வந்து நின்ற இடத்திலேயே கப்பல் காத்திருந்தது.

சரக்கும் 'குருவி'யும்

வெளிநாட்டு விமானங்களின் வயிற்றுப் பகுதியில் போவது பெரும்பாலும் சமையலறைக்கும் பூஜையறைக்கும் உரியவை: காய்கறி, பழம், பூ, வெற்றிலை. திரும்பி வரும் வழியில் வேறொரு வணிகம் உண்டு. பொருளைப் பயணிப் பெட்டியில் கொண்டுவந்து கூலி பெறுகிறவர்களை இப்பகுதியில் 'குருவி' என்பார்கள். திருச்சி சுங்கத்துறை தங்கம் பிடித்த செய்தி வாரம் தவறாமல் நாளிதழில் வந்த காலங்கள் உண்டு. தங்கத்தின் மீதான இறக்குமதி வரி ஏறும்போது குருவிகள் பெருகுவதும், இறங்கும்போது அருகுவதும் இயல்பு. நேர்மையான பயணியின் சோதனை வரிசை நீள்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதால் இங்கே சொல்ல நேர்ந்தது.

மீண்டும் தெற்கே

2025 மார்ச் 30ஆம் தேதி, இண்டிகோ நிறுவனம் திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம் விடத் தொடங்கியது. இறங்குமிடம், காங்கேசன்துறையை ஒட்டிய பலாலி. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் தன் முதல் விமானத்தை கொழும்பை ஒட்டிய ரத்மலானையிலிருந்து சென்னைக்கு அனுப்பியபோது வழியில் நின்றது இந்தக் காங்கேசன்துறை வட்டாரத்தில்தான். போர்க்காலத்தில் படைத்தளமாக இருந்த பலாலி, 2019 அக்டோபரில் பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பலும் மீண்டும் புறப்பட்டது. அறுந்த தடங்கள் வானிலும் கடலிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் முடிச்சுப் போடப்பட்டிருக்கின்றன.

அதே 2025இல் திருச்சியின் வெளியூர்ப் பேருந்துகள் பஞ்சப்பூரில் மதுரைச் சாலையோரம் கட்டப்பட்ட புதிய முனையத்துக்கு மாறின. மே 9ஆம் தேதி திறக்கப்பட்டு ஜூலையில் இயங்கத் தொடங்கிய அந்தப் பேருந்து முனையம் மதுரைச் சாலையில் இருக்கிறது. விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையில். இரண்டுக்கும் நடுவே மாத்தூர் வழியாக அரைவட்டச் சாலை கிடக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் வந்து இறங்கியவர், ஊருக்குப் போகும் பேருந்தைப் பிடிக்க ஆட்டோக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார்.